உறுதிப் பையும் படகும்

இலங்கையின் திருகோணமலைக்கு அருகிலுள்ள நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் படகொன்றை வாங்குவதற்காகக் காணியை ஈடு வைக்கலாமா என்று தம்பி கேட்டபோது, அம்மா பதில் சொல்லாமல் அலுமாரியைத் திறந்து, காணி உறுதியும் எங்கள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களும் இருக்கும் பொலித்தீன் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு மீண்டும் பூட்டினார். 1990 இல் போரினால் இடம்பெயர்ந்தபோதும், 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் புகுந்தபோதும் அவர் கையில் மிஞ்சியது அந்தப் பை மட்டுமே. அந்த எச்சரிக்கையைக் கோழைத்தனம் என்று யாரும் சொன்னால் என்னால் ஏற்க முடியாது.

ஆயினும் தம்பியின் கணக்கும் பிழையன்று. ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை எங்கள் கடல் அமைதியாக இருக்கும். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர் பயணிகள் வராமற்போனதையும் அவன் மறக்கவில்லை. காணியைத் தொடாமல், முதற்பருவத்துக்குப் படகை வாடகைக்கு எடுக்கச் சொல்லியிருக்கிறேன். முற்பணத்தை நான் தருகிறேன்.