பீச் மரத்துச் சிப்பிக் காளான்

கோபி, பெருந்துறைப் பக்கமிருந்து ஜெர்மனிக்கு வந்தவங்களுக்குக் காளான்னா ரெண்டுதானுங்க: இடி இடிச்ச மறுநாள் புத்தோரம் முளைக்கறது, வைக்கோல் அடைச்ச பாலித்தீன் பையில வளர்த்துச் சந்தைக்கு வர்ற சிப்பி. இங்கே காட்டுச் சிப்பி தேடப் போனால் தரையை விட்டுவிட்டு மரத்தைப் பாருங்கள்.

அக்டோபர் கடைசியில் குளிர் இறங்கி, மழையும் பெய்தபின் கிளம்பும். பனி உறையாத நாட்களில் மார்ச் வரை கிடைக்கும். வழுவழுவென்று சாம்பல் பட்டை உள்ளது பீச், ஜெர்மனில் 'பூஹ'. செத்து நிற்கும் அல்லது விழுந்து கிடக்கும் பீச்சில் அடுக்கடுக்காக இருக்கும். தொப்பி 5 முதல் 15 செ.மீ.; சாம்பலோ தவிட்டு நிறமோ, சிலது நீலம் பாய்ந்தும் இருக்கும். காம்பு ஓரத்தில், குட்டை. தொப்பிக்கு அடியிலுள்ள வெள்ளைச் செவுள்கள் (மெல்லிய தகடு தகடாக இருப்பவை) காம்பு மேலேயே இறங்கி ஓடும்.

ஒரு தொப்பியைக் கறுப்புத் தாளில் செவுள் கீழாகக் கவிழ்த்து, கிண்ணம் மூடி ராத்திரி முழுக்க விடுங்கள். காளானுக்கு விதை மாதிரியான தூள் தாளில் விழும். அது பழுப்பாக இருந்தால் சிப்பியே இல்லை. வெள்ளை, வெளிர் ஊதா விழுந்தாலும் அது மட்டும் போதாது. ஊசியிலை மரத்தில் முளைக்கும் 'தேவதைச் சிறகு' காளானுக்கும் வெள்ளைத் தூள்தான். 2004-ல் ஜப்பானில் அதைத் தின்று செத்தவர்களில் பலர் சிறுநீரக நோயாளிகள். அதனால் ஊசியிலை மரத்தில் இருப்பதைப் புதியவர்கள் தொடவே வேண்டாம். செவுள் ஆரஞ்சு நிறமாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பூச்சி தின்றிருந்தால் மனுசனுக்கும் ஆகும் என்ற ஊர்க்கணக்கு சுத்தப் பொய்.

முதல் சில தடவை கூடையோடு காளான் ஆலோசகரிடம் காட்டுங்கள். ஜெர்மன் காளானியல் சங்கம் தேர்வு வைத்துத் தகுதி கொடுத்தவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். வீட்டுத் தேவைக்குக் கொஞ்சம் பறிக்கச் சட்டம் விடுகிறது. இயற்கைக் காப்புப் பகுதியில் கூடாது.

சமையலுக்குப் பள்ளிபாளையம் பக்குவம்தான் சரி. கால் கிலோவுக்கு 15 சின்ன வெங்காயம் (கிடைக்காவிட்டால் 'ஷலாட்டன்'), விதை உதறிய வரமிளகாய் 8, கறிவேப்பிலை, ஒரு கைப்பிடி தேங்காய்ப் பல். மசாலாப் பொடி எதுவும் வேண்டாம். செவுளுக்குள் குட்டி வண்டு இருக்கும், தட்டி உதிர்த்துவிட்டுக் கையால் கிழியுங்கள். எண்ணெய் இல்லாமல் சூடான இரும்புச் சட்டியில் போட்டு, விடுகிற தண்ணீர் வற்றும்வரை கிளறி எடுத்து வையுங்கள். அப்புறம் எண்ணெயில் மிளகாயும் வெங்காயமும் வதக்கி, காளானைத் திரும்பச் சேர்த்து, தேங்காயும் உப்பும் கடைசியில். சட்டி நிறையப் போட்டு அமுக்கினால் வறுபடாது, வெந்து சொதசொதவென்று ஆகிவிடும். அரைவேக்காட்டில் இறக்கினால் வயிறு கெடும். காம்படி என்ன பண்ணினாலும் ரப்பர்தான். அதை மிளகு ரசத்துக்குக் கொதிக்கவிட்டு வடிகட்டிக் கொள்ளலாம்.