எக்ஸ்ரே திரையில் அல்வாவும் கருப்பட்டியும்

"என்னத்தச் சோதிச்சாவ? ரெண்டு தடவு தடவிட்டுப் போகச் சொல்லிட்டாவ." விமான நிலையச் சோதனையைப் பற்றி, வளைகுடாவுக்குப் போய்வரும் நம் ஊர்க்காரர்கள் அடிக்கடி சொல்வது இது. இதே ஆட்கள் இன்னொரு குறையும் சொல்வார்கள்: "ஒரு அல்வாப் பொட்டலத்துக்குப் பெட்டியவே பிரிச்சுப் போட்டுட்டாவ." முதலாவது பயம், இரண்டாவது எரிச்சல். எந்தக் கருவி எதைக் காணும், எதைக் காணாது என்று தெரிந்துகொண்டால் பயமும் அளவோடு நிற்கும், எரிச்சலும் பாதி குறையும்.

வாசல்படி போல நிற்கும் சட்டம் உலோகத்தை மட்டுமே அறியும். பெல்ட் பக்கிள், மெட்டி, வெள்ளி அரைஞாண், காலில் வைத்த ஸ்டீல் பிளேட் எல்லாவற்றுக்கும் அது கத்தும். வெடிமருந்துக்குக் கத்தாது. அதனால்தான் நம் நாட்டில் சட்டம் சத்தம் போட்டாலும் போடாவிட்டாலும் ஒவ்வொருவரையும் கையால் தடவிப் பார்க்கிறார்கள். இடுப்புச் சுற்று, முதுகின் கீழ்ப்பகுதி, கணுக்கால், வேட்டி மடி என்று பார்க்க வேண்டிய இடங்கள் குறிப்பிட்டவை. பழகிய கைக்கு அதிக நேரம் ஆகாது, சீக்கிரம் முடிந்ததாலேயே ஒப்புக்குப் பார்த்தார்கள் என்று எண்ண வேண்டாம். பெண்களுக்கு மறைப்புக்குள் பெண் காவலர்தான் சோதிப்பார். தாலியைக் கழற்ற வேண்டியதில்லை. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் சட்டத்துக்குள் நுழையும் முன்பே சொல்லி, மருத்துவ அட்டையைக் காட்டிவிட வேண்டும்.

பைகளின் கதை வேறு. எக்ஸ்ரே இயந்திரம் இரண்டு வேறு ஆற்றலில் கதிரைச் செலுத்தி, பொருள் எந்த வகை என்று கணித்து நிறம் கொடுக்கிறது. இரும்பும் செம்பும் நீலம். கண்ணாடி, உப்பு, அலுமினியம் போன்றவை பச்சை. சீனி, மாவு, துணி, மரம், சோப்பு போன்ற கரிமப் பொருள்கள் ஆரஞ்சு. பிளாஸ்டிக் வெடிமருந்தும் ஆரஞ்சுதான். நம் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இரண்டு கிலோ அல்வா திரையில் நெருக்கமான ஆரஞ்சுக் கட்டி. உடன்குடிக் கருப்பட்டியை அடுக்கி வைத்த ஓலைப்பெட்டி அதைவிட அடர்ந்த ஆரஞ்சு. சீனியின் அடர்த்தியும் சில வெடிமருந்துகளின் அடர்த்தியும் பக்கத்தில் பக்கத்தில் வருவதால், திரைக்கு முன்னால் இருப்பவர் நிறத்தை வைத்து மட்டும் இது அல்வா என்று சொல்லிவிட முடியாது. அந்தக் கட்டியின் மேலேயே செல்போன் சார்ஜர், சுருட்டிய வயர், ஒரு பேட்டரி டார்ச் என்று நீங்கள் திணித்து வைத்திருந்தால், கட்டி, கம்பி, மின்கலம் மூன்றும் ஒரே இடத்தில் தெரியும். அவர் பயிற்சியில் தேடக் கற்றுக்கொண்ட படமே அதுதான். பையைத் திறக்கச் சொல்லாமல் விட்டால்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

ஆகவே அடுக்கும் முறையை மாற்றுங்கள். அல்வா, கருப்பட்டி, சோப்பு ஆகியவற்றைப் பையின் ஒரு பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக இல்லாமல் பரப்பி வையுங்கள். வயர், சார்ஜர், பவர் பேங்க் எல்லாம் தனி உறையில் போட்டு, தட்டில் வெளியே எடுத்து வையுங்கள். லேப்டாப்பும் அப்படியே. எவர்சில்வர் தூக்குச்சட்டிக்குள் எதையும் போட்டு மூடாதீர்கள். கனமான பாத்திரம் கதிரைத் தடுத்துக் கருநீலமாய் நிற்கும், உள்ளே இருப்பது சரியாகத் தெரியாது. பர்ஸ், வாட்ச், நகையைத் தட்டில் உதிரியாய்ப் போடாமல் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிடுங்கள். பைகளை நகர்த்தும் பெல்ட்டின் மறுமுனையில் பொருள் காணாமல் போவது பெரும்பாலும் அந்த உதிரித் தட்டில்தான்.

சந்தேகம் வந்தால் ஒரு சிறு துணித்துண்டால் பையையோ கையையோ துடைத்து ஒரு கருவிக்குள் வைப்பார்கள். வெடிமருந்தின் துகள் மிகச் சிறிய அளவில் இருந்தாலும் அது காட்டிக்கொடுக்கும். சில நொடியில் விடை வந்துவிடும். வயலில் உரம் போட்ட கை, கல்குவாரி வேலைக்கோ பட்டாசு வேலைக்கோ போய்வந்த சட்டை, கிளிசரின் கலந்த கிரீம் ஆகியவற்றுக்கும் இது சிவப்பு காட்டலாம். அப்படி ஆனால் பதற வேண்டாம். செய்யும் தொழிலை நேராகச் சொல்லுங்கள், திரும்பவும் சோதித்துப் பார்ப்பார்கள். நாலு நாளைக்கு முன் உரமூட்டை சுமந்த பையையே பயணத்துக்கு எடுத்துக்கொண்டு போகாமல் இருந்தால் இந்தத் தொல்லையே வராது.

தூத்துக்குடி விமான நிலையமான வாகைகுளத்தில் ஏறிச் சென்னையில் விமானம் மாறுபவர்கள் சொல்வது இன்னொன்று: "அங்க விட்டாவ, இங்க பிடுங்கிட்டாவ." உள்நாட்டுப் பயணத்தில் தண்ணீர் பாட்டிலைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். வெளிநாட்டு விமானத்துக்குக் கைப்பையில் ஒரு பாட்டில் 100 மில்லிக்கு மேல் கூடாது. எல்லாமும் சேர்ந்து ஒரு லிட்டர் கொள்ளும் ஒரே ஒளிபுகும் ஜிப் பைக்குள் அடங்க வேண்டும். 2006 ஆகஸ்டில் குளிர்பான பாட்டிலுக்குள் திரவ வெடிமருந்து கொண்டுபோகும் சதி லண்டனில் பிடிபட்ட பிறகு வந்த விதி இது. நெய், நல்லெண்ணெய், எண்ணெய் மிதக்கும் ஊறுகாய், தாமிரபரணித் தீர்த்தம் எல்லாம் திரவக் கணக்குதான். பாட்டிலின் அளவைத்தான் பார்ப்பார்கள். 200 மில்லி பாட்டிலில் கால்வாசி இருந்தாலும் போகாது. குழந்தையின் பால், சீட்டோடு கொண்டுவரும் மருந்து ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு.

பவர் பேங்க் கைப்பையில் மட்டும். லித்தியம் பேட்டரி சூடேறித் தீப்பிடித்தால் மேலே ஆள் இருக்கிறார், தண்ணீர் ஊற்றி அடக்கலாம். சரக்கறையில் அடைக்கும் வாயு சுற்றியுள்ள தீயை அடக்குமே தவிர, பேட்டரிக்குள் ஓடும் சூட்டை நிறுத்தாது. பேட்டரியின் கொள்ளளவு 100 வாட்-மணி வரை இருந்தால் தனி அனுமதி வேண்டாம். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் கிடையவே கிடையாது. கணக்கு எளிது: 20,000 எம்.ஏ.எச். என்றால் 20-ஐ பேட்டரியின் மின்னழுத்தமான 3.7-ஆல் பெருக்க 74 வாட்-மணி. 30,000 என்றால் 111. மேலே எழுத்து அழிந்துபோன பவர் பேங்கை வாங்கி வைத்துவிடுவார்கள். எமிரேட்ஸ் விமானங்களில் 2025 அக்டோபர் 1 முதல் ஆளுக்கு ஒன்றுதான், அதையும் பறக்கும்போது பயன்படுத்தக் கூடாது. செக்-இன் பெட்டிக்குள் இதை மறந்து வைத்துவிட்டால், பெட்டியைத் திறக்க உங்களைத்தான் கூப்பிடுவார்கள். ஆகவே பெட்டியைப் போட்ட பிறகும் போனை அணைக்காமல், அறிவிப்பைக் காதில் வாங்கிக்கொண்டு இருங்கள்.

கைப்பை, பெட்டி இரண்டிலும் ஆகாதவை நம் பக்கத்தில் கொஞ்சம் அதிகம். கோவில்பட்டித் தீப்பெட்டி, லைட்டர், கம்பி மத்தாப்பு, பொட்டு வெடி, சூடம். சூடம் தீப்பற்றும் திடப்பொருள் பட்டியலில் இருக்கிறது. கொப்பரையும் ஆகாது. எண்ணெய்ப் பதம் மிகுந்து தானாகவே சூடேறும் பொருள் அது, ஆபத்தான சரக்குகளில் 1363 என்று அதற்குத் தனி எண்ணே உண்டு. முழுத் தேங்காயைக் கைப்பையில் விடமாட்டார்கள். 2024 அக்டோபரில் சபரிமலைப் பக்தர்களின் இருமுடித் தேங்காய்க்கு விலக்குக் கொடுத்தார்கள், அதுவும் 2025 ஜனவரி 20 வரை மட்டும். ஒவ்வொரு பருவத்துக்கும் புதிதாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். அரிவாள்மனை, தேங்காய்த் துருவி, மிளகாய்ப்பொடி எல்லாம் பெட்டிக்குள்.

இத்தனையும் போதுமா என்ற கேள்விக்கு நேராகவே பதில் சொல்ல வேண்டும். எந்தச் சோதனைச்சாவடியும் தனியாக நின்று போதாது. 2015-இல் அமெரிக்காவில் அரசே ஆள் அனுப்பிச் சோதித்தபோது 70 முயற்சியில் 67 முறை ஆயுதமும் போலி வெடிகுண்டும் பிடிபடாமல் உள்ளே போயின. திரையை உற்றுப் பார்க்கும் கண் சீக்கிரம் களைத்துவிடும், அதனால்தான் சுமார் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுகிறார்கள். நடுநடுவே திரையில் பொய்த் துப்பாக்கிப் படத்தைக் கணினியே செருகி, அவர் கவனிக்கிறாரா என்று பார்க்கிறது. வரிசை நின்றுபோய் ஆள் மாறும்போது முணுமுணுக்கிறோமே, அந்த ஒரு நிமிடமும் நம் உயிருக்கான நிமிடம்தான்.

கண்ணுக்குத் தெரியாத அடுக்குகள்தான் எனக்கு அதிக நம்பிக்கை தருபவை. 1984 ஆகஸ்ட் 2 அன்று மீனம்பாக்கத்தில் வெடித்தது கொழும்பு விமானத்துக்கென்று பதிந்த பெட்டி. பதிந்தவர் விமானம் ஏறவில்லை. சுமார் முப்பது பேர் இறந்தார்கள். மறுவருடம் ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் வெடித்து 329 பேர் போனதும் ஆள் ஏறாத பெட்டியால்தான். இன்று பெட்டி ஏறி, ஆள் ஏறாவிட்டால், விமானத்தை நிறுத்தி வைத்தாவது அந்தப் பெட்டியைத் தேடி இறக்குகிறார்கள். அந்தத் தாமதத்துக்கு யாரையும் திட்ட மனம் வருவதில்லை. 1999 டிசம்பரில் காத்மாண்டிலிருந்து வந்த விமானம் கடத்தப்பட்ட பின், 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் தொடங்கி சி.ஐ.எஸ்.எஃப். என்ற மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை ஒவ்வொரு விமான நிலையமாகப் பொறுப்பேற்றது. திருவனந்தபுரத்தில் நிலையத்தை நடத்துவது தனியார் என்றாலும் சோதிப்பது இந்தப் படைதான்.

எனக்குள்ள பெரிய கவலை இயந்திரத்தைப் பற்றியது இல்லை, பக்கத்து வீட்டுப் பொட்டலத்தைப் பற்றியது. "எங்க மவனுக்கு இத மட்டும் கொடுத்திரு தம்பி" என்று கிளம்புகிற நேரத்தில் நீட்டுவார்கள், மறுக்க வாய் வராது. நம் ஊர் எக்ஸ்ரேயில் அது வெறும் ஆரஞ்சுப் பொடி, தடையில்லாமல் போய்விடும். இறங்கும் ஊரில் அதுவே கசகசா. அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் அது தடை செய்த பொருள். குருமா மசாலாவில் அரைத்துக் கலந்திருந்தாலும் குற்றம் குற்றம்தான். யார் பெயருக்கு டேக் ஒட்டியிருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

கொடுப்பவர் முன்னாலேயே பிரித்துப் பாருங்கள். தைத்து மூடியது, டேப் சுற்றியது என்றால் வாங்காதீர்கள். வீட்டில் அரைத்த பொடிக்குப் பதிலாக, உள்ளே இருப்பவற்றை அச்சிட்ட கடைப் பாக்கெட்டை வாங்கித் தரச் சொல்லுங்கள், பட்டியலில் கசகசா இருக்கிறதா என்று வாசியுங்கள். உதிரி மாத்திரை எதுவும் வேண்டாம். அட்டையோடு, டாக்டர் சீட்டோடு, சீட்டில் உள்ள பெயருக்கு உரியவரே கொண்டுபோக வேண்டும். டிராமடால் வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து இரண்டும் அமீரகத்தில் கட்டுப்பாட்டில் உள்ளவை. உங்களுக்கே எழுதித் தந்ததாக இருந்தாலும், அந்த நாட்டு அரசின் அனுமதியை ஆன்லைனில் வாங்கி, அச்செடுத்துப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.