நரம்பாலி நாற்றுகள்: இரண்டாம் ஆண்டுக் குறிப்பு

தென்னிந்திய மலைக்காடுகளில் இயற்கையாக வளரும் ஒரே கூம்புத் தாவர மரம் நரம்பாலி. பைன், சைப்ரஸ் போன்றவை வெளியிலிருந்து கொண்டுவந்து நடப்பட்டவை. தாவரவியலார் இதை நகேயா வாலிச்சியானா என்பர். அசாம் முதல் நியூகினி வரை பரவியுள்ள இந்த இனம், நம் பக்கத்தில் அகத்தியமலை, களக்காடு போன்ற ஈரமான பசுமைமாறாக் காடுகளில் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக எஞ்சியிருக்கிறது.

நண்பரின் ஏலத் தோட்டத்தில் மரத்தடியில் பொறுக்கிய 20 விதைகளுடன் இரண்டு ஆண்டுகளுக்கு முன் இம்முயற்சியைத் தொடங்கினேன். மேலுள்ள சதையை நீக்காமல் ஊன்றிய 6 விதைகளும் பூசணம் பிடித்து அழுகிவிட்டன. சதையைக் கழுவி, நிழலில் ஈர மணலில் வைத்த 14 விதைகளில் 9 முளைத்தன. இளஞ்செடியின் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் நடுநரம்பே தெரிவதில்லை. காம்பிலிருந்து நுனிவரை மெல்லிய நரம்புகள் இணைகோடுகளாக ஓடுகின்றன. ஊசியிலை மரங்களின் உறவு என்று சொன்னால் எவரும் நம்பத் தயங்கும் அளவுக்கு அகலமான, தோல் போன்ற இலை அது.

முதல் ஆண்டின் முடிவில் பை மாற்றும்போது பெரும் பிழை செய்தேன். வேர் நெடுகக் கடுகளவு மணிகள் வரிசையாக இருந்ததைக் கண்டு, நூற்புழுவால் வரும் வேர்முடிச்சு நோய் என்று முடிவுகட்டி, இரண்டு நாற்றுகளைப் பிடுங்கி எரித்துவிட்டேன். தாவரவியல் படித்த ஒருவரிடம் படத்தைக் காட்டிய பிறகே, அம்மணிகள் இந்தக் குடும்பத்து மரங்களுக்கெல்லாம் இயல்பானவை என்பதும், அவற்றுள் வாழும் பூஞ்சைகள் மண்ணிலிருந்து மணிச்சத்தை (பாஸ்பரஸ்) எடுத்துத் தருகின்றன என்பதும் தெரியவந்தன. எரித்த இரண்டும் நன்றாக வளர்ந்துகொண்டிருந்தவை என்பது இன்றும் மனத்தை உறுத்துகிறது. அதன்பின் தாய்மரத்தடி மண்ணில் ஒரு பிடியை ஒவ்வொரு பையிலும் கலந்தேன். பூஞ்சைக்கொல்லி தெளிப்பதை அடியோடு நிறுத்தினேன்.

இப்போது 7 நாற்றுகள் ஒரு சாண் உயரத்தில் நிற்கின்றன. இம்மரத்தில் ஆண் வேறு, பெண் வேறு. கூம்பு விடும் பருவம் வரும்வரை எது எதுவென்று அறிய வழியில்லை. தனியே நிற்கும் பெண்மரம் விதை தராது என்பதால், ஆளுக்கு ஒன்றாகக் கேட்ட நண்பர்களுக்குக் கொடுக்க மறுத்து, ஏழையும் ஒரே சரிவில் அருகருகே நட வரும் தென்மேற்குப் பருவமழைக்குக் குழி எடுத்துக்கொண்டிருக்கிறேன்.