கை வைத்தால்தான் இயற்பியல்: சான் ஃபிரான்சிஸ்கோவில் எக்ஸ்ப்ளோரடோரியம்

சான் ஃபிரான்சிஸ்கோ என்றதும் கோல்டன் கேட் பாலத்தையும் அல்காட்ராஸ் தீவையும்தான் எல்லோரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால் முதலில் எக்ஸ்ப்ளோரடோரியம் என்ற அறிவியல் அருங்காட்சியகத்துக்குப் போங்கள் என்பேன். கடலோரம், பியர் 15-ல் நீளமான பழைய துறைமுகக் கொட்டகைக்குள் இருக்கிறது. 1969-ல் வேறொரு கட்டடத்தில் தொடங்கி, 2013-ல் இங்கே குடிவந்தது.

தொடங்கியவர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர். அணுகுண்டை உருவாக்கிய ஆய்வகத்தை நடத்திய ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி. அணுகுண்டுத் திட்டத்தில் தானும் வேலை பார்த்த இயற்பியலாளர். முன்பு கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர் என்பதால் 1949-ல் பல்கலைக்கழக வேலை பறிபோனது. கொலராடோவில் மாட்டுப் பண்ணை வைத்துப் பிழைத்தார். பிறகு அங்கேயே உயர்நிலைப் பள்ளியில் பாடம் நடத்தினார். இந்த இடத்தில் எனக்குத் தெரிவது அந்தப் பள்ளி வாத்தியார்தான். உள்ளே எல்லாவற்றையும் தொடலாம், திருகலாம், தள்ளலாம்.

வண்ண நிழல்கள் இருக்கும் இடத்தைவிட்டு நகரவே மனம் வரவில்லை. சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று விளக்குகளின் ஒளி ஒரே சுவரில் விழுகிறது. சுவர் வெள்ளையாகத் தெரிகிறது. எதிரே ஒரு சிறுமி கையை நீட்டினாள். சுவரில் கறுப்பு நிழலுக்குப் பதில் மஞ்சளாக ஒரு கை, மெஜந்தாவில் ஒரு கை, வெளிர்நீலத்தில் ஒரு கை! அவள் நீல விளக்கை மட்டும் உள்ளங்கையால் பொத்தினாள்; சுவரே மஞ்சளானது. எடுத்தாள், வெள்ளை. மறுபடி பொத்தினாள். சிவப்பொளியும் பச்சையொளியும் சேர்ந்தால் மஞ்சள் என்று நான் பரீட்சைக்காக உருப்போட்டவன். பெயின்ட்டைக் கலந்தால் அப்படி வருவதில்லையே என்று கேட்க எங்கள் வகுப்பில் நேரம் இருந்ததில்லை. அந்தப் பெண் எதையும் உருப்போடவில்லை. எந்த விளக்கை மறைத்தால் எந்த நிறம் வரும் என்று அடுத்து வந்த பையனுக்கு அவளே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஓப்பன்ஹைமர் ஆரம்பத்திலிருந்தே கலைஞர்களை உள்ளே கூட்டிவந்தார். இயற்கையைக் கூர்ந்து பார்ப்பதில் கலைஞரும் விஞ்ஞானியும் ஒரே தொழில்காரர்கள் என்பது அவர் நம்பிக்கை. நெட் கான் என்ற கலைஞரின் சூறாவளியைப் பார்த்தபோது அதை நானும் ஒப்புக்கொண்டேன். அடியிலிருந்து எழும் மூடுபனியைக் காற்று முறுக்கி ஆளுயரத்துக்கு மேல் தூக்குகிறது. கையை நுழைத்தால் கலைகிறது. எடுத்தால் தானாகவே மறுபடி திரள்கிறது. சமன்பாடு எதுவும் தெரியாதவர்கூட அதன் முன்னால் நின்று, கையை எங்கே வைத்தால் அது உடையும் என்று சோதிக்க ஆரம்பித்துவிடுகிறார். இயற்பியலின் முதல் பாடம் அதுதானே?

வெளியே ஜப்பானியக் கலைஞர் ஃபுஜிகோ நகாயாவின் மூடுபனிப் பாலம். நுண்துளைகள் வழியே அழுத்தத்தில் பீய்ச்சப்படும் தண்ணீர்தான் மூடுபனி. அதற்கு உருவம் கொடுப்பது வளைகுடாக் காற்று. இவருடைய அப்பா உகிச்சிரோ நகாயா, 1936-ல் ஆய்வகத்தில் முதன்முதலாகப் பனிப்படிகத்தை வளர்த்த இயற்பியலாளர்.

நேரம் இருந்தால் மரீனா பகுதியின் கடல்சுவர் முனையில் உள்ள அலை ஆர்கனையும் பாருங்கள்; கடலலையே வாசிக்கும் குழாய்க் கருவி அது. பீட்டர் ரிச்சர்ட்ஸின் கற்பனை, 1986-ல் கட்டியது. பழைய கல்லறைத் தோட்டத்துக் கற்களுக்கு இடையே குழாய்கள். காதை வைத்தால் கடல் களகளக்கும். கடலேற்றத்தின்போதுதான் நன்றாகக் கேட்கும் என்பதால் ஓத நேரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். எக்ஸ்ப்ளோரடோரியத்தில் வியாழன் மாலைகள் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும். பிள்ளைகளோடு போவதென்றால் பகலில் போங்கள், ஒரு முழுப் பகலையும் ஒதுக்கிவிடுங்கள்.