மாமாவின் அச்சகமும் 7பி என்ற நீலத்திரையும்

தைப்பூசத்துக்குப் பதினொரு நாள் இருக்கும்போது மாமாவின் கணினி படுத்துக்கொண்டது. கோலாலம்பூரின் செந்தூலில் அச்சகம் வைத்திருக்கிறார். திருமண அழைப்பிதழ், கோயில் நோட்டீஸ், தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்களின் துண்டுப் பிரசுரம் என்று அந்த மாதத்தில் அவருக்குக் கை ஓயாது. அச்சு இயந்திரமும் வெட்டும் இயந்திரமும் நலமாக இருந்தன. விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் கறுப்புப் பெட்டி மட்டும் சின்னத்தைக் காட்டி, ஒரு கணம் நீலமாக மின்னி, முதலிலிருந்து தொடங்கியது. மறுபடி நீலம், மறுபடி தொடக்கம்.

2014 ஏப்ரலோடு மைக்ரோசாஃப்ட் கைகழுவிவிட்ட எக்ஸ்பியை இன்னும் ஏன் வைத்திருக்கிறார் என்று நானே அவரிடம் சண்டை போட்டிருக்கிறேன். பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் 7-இல் அவர் சேர்த்து வைத்த கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். எல்லாம் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள். அவற்றில் தமிழ் எழுத்துகள் ரோமன் எழுத்துகளின் இடத்தில் குடியிருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் 'சிவமயம்' என்பது தலையில் கொக்கியும் புள்ளியும் முளைத்த என்னவோவாகத் திறக்கும். மாற்றி எடுக்க வழி உண்டு. ஆனால் ஓர் அழைப்பிதழில் தாத்தா பெயர் எந்த வரியில், தாய்மாமன் பெயர் எந்த அளவில் என்று இடம் பார்த்து உட்கார வைத்த ஒழுங்கு போய்விடும். நல்ல வேளையாக அந்தக் கணினிக்கு இணைய இணைப்பு கிடையாது.

நகரத்தில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். எக்ஸ்பி குறுந்தட்டைப் போட்டுப் பார்த்தார்களாம். 'உங்கள் கணினியில் வன்தட்டு எதுவும் இல்லை' என்று அது சொல்லியிருக்கிறது. "வன்தட்டு செத்துவிட்டது ஐயா, உள்ளே இருப்பதை மீட்கத் தனிக் கட்டணம்" என்று முடித்துவிட்டார்கள். அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு முழு மனது வரவில்லை. குறுந்தட்டே 'வன்தட்டு இல்லை' என்கிறது, அவன் என்ன செய்வான்? ஆனாலும் தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அதை அவன் செய்யவில்லை.

சனிக்கிழமை நான் போனேன். தொடங்கும்போது எஃப்8 அமுக்கி, கோளாறு வந்தால் தானாக மறுதொடக்கம் செய்யாதே என்ற வாய்ப்பைத் தேர்ந்தெடுத்ததும் நீலத்திரை நின்றது. அடியில் ஏகப்பட்ட சுழியங்களுக்குப் பிறகு 7பி. தொடக்கத் தட்டை என்னால் அணுக முடியவில்லை என்று எக்ஸ்பி சொல்லும் விதம் அது. அணுக முடியாததும் செத்துப்போனதும் ஒன்றல்லவே. தட்டைக் கழற்றி யூஎஸ்பி இணைப்பான் வழியாக என் மடிக்கணினியில் மாட்டினேன். எல்லாக் கோப்புறைகளும் வரிசையாக வந்து நின்றன. வேறெதையும் தொடாமல் முதலில் ஒரு முழு நகல் எடுத்தேன். அது முடியும் வரை மாமா நாற்காலியில் உட்காரவே இல்லை.

தேநீர் குடிக்கும்போதுதான் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அன்றைக்குக் காலையில் கறுப்புத் திரையில் என்னவோ எழுதி, எஃப்1 அமுக்கு என்றது. அமுக்கினேன். அதனால் கெட்டுவிட்டதா?"

அதற்குப் பிறகு பெரிதாகத் துப்பறிய ஒன்றுமில்லை. கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரலான பயாஸைத் திறந்தேன். தேதி 2009 ஜனவரி 1. தாய்ப்பலகையில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோய், பயாஸ் தன் நினைவை இழந்து, தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பியிருக்கிறது. அந்த அமைப்பில், வன்தட்டோடு பேசும் சில்லான சாட்டா கட்டுப்படுத்தி ஏஎச்சிஐ என்ற முறையில் ஓடும். எக்ஸ்பி வெளிவந்தது 2001-இல். ஏஎச்சிஐ அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு, எக்ஸ்பியிடம் அதை இயக்கும் நிரல், அதாவது டிரைவர், கிடையாது. எக்ஸ்பியை நிறுவியவர் அன்று பயாஸில் அதைப் பழைய ஐடிஇ முறைக்கு மாற்றிவிட்டு வேலையை முடித்திருக்கிறார். அப்போது எல்லோரும் செய்ததுதான். இல்லையென்றால் நிறுவலின் தொடக்கத்தில் எஃப்6 அமுக்கி, டிரைவரை நெகிழ்வட்டில் (ஃபிளாப்பியில்) கொடுக்க வேண்டும், அதுவும் ஏ டிரைவில் மட்டும். இந்தப் பெட்டியிலோ நெகிழ்வட்டுக்கு வாயே கிடையாது.

சின்னம் வரைக்கும் வந்துவிட்டு ஏன் விழுகிறது என்றால், ஆரம்பத்தில் தட்டைப் படித்துக் கொடுப்பது பயாஸ். கொஞ்ச தூரம் போனதும் எக்ஸ்பி தன் சொந்த டிரைவரைக் கொண்டு தட்டைப் பிடிக்கப் பார்க்கும். அந்த இடத்தில் கை நழுவுகிறது. குறுந்தட்டு 'வன்தட்டு இல்லை' என்று சொன்னதும் இதே காரணத்தால்தான்.

ஐடிஇ என்று மாற்றினேன். எக்ஸ்பி எழுந்து, பேஜ்மேக்கர் திறந்தது. மாமா உடனே ஒரு பந்தல் நோட்டீஸைத் திறந்து வேலையில் இறங்கிவிட்டார்.

இதோடு நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் மாமாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடை சாத்தும்போது மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் ஷட்டரை இழுப்பார். சுவரில் மின்சாரம் இருக்கும் வரை கணினியின் கடிகாரம் அதிலிருந்து உயிர் வாழும். மெயினை இறக்கினால் முழுப் பாரமும் அந்தப் பொத்தான் பேட்டரியின் தலையில். புதியது போட்டாலும் என்றாவது ஒரு நாள் அதுவும் தீரும், மறுபடி யாராவது வன்தட்டு செத்துவிட்டது என்பார்கள். எந்த முறையில் இருந்தாலும் எழுந்துகொள்ள எக்ஸ்பிக்குக் கற்றுக்கொடுத்துவிட வேண்டும் என்று பட்டது.

"ஓடுகிறதே, அதைப் போய் ஏன் நோண்டுகிறாய்?" என்றார் மாமா. நியாயமான கேள்வி. அதனால் அசல் தட்டைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டு, அதன் நகலை இன்னொரு தட்டில் இறக்கி அதில்தான் கை வைத்தேன்.

கட்டுப்படுத்தியைத் தயாரித்த இன்டெலின் டிரைவர் நிறுவல் நிரலை ஓட்டினால், இந்தக் கணினி குறைந்தபட்சத் தேவையைப் பூர்த்தி செய்யவில்லை என்று வெளியேறிவிடும். ஐடிஇ முறையில் இருக்கும்போது ஏஎச்சிஐ கட்டுப்படுத்தி அதன் கண்ணுக்குத் தெரியாது. ஏஎச்சிஐக்கு மாற்றினாலோ எக்ஸ்பியே எழாது. எனவே கையால்தான் செய்ய வேண்டும். நெகிழ்வட்டுக்காக இன்டெல் வெளியிட்ட சிறிய பொதியில் ஐஏஸ்டோர் என்ற டிரைவர் கோப்பு இருக்கிறது. அதை எக்ஸ்பியின் டிரைவர்ஸ் கோப்புறையில் போட்டேன். எக்ஸ்பியின் அமைப்புகள் எல்லாம் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் அதே பெயரில் ஒரு சேவையை உருவாக்கி, வகை 1, தொடக்கம் 0 என்று கொடுத்தேன். 0 என்றால் கணினி எழும்போதே ஏற்று என்று பொருள். பிறகு 'கிரிட்டிக்கல் டிவைஸ் டேட்டாபேஸ்' என்ற பகுதி. இன்ன எண்ணுள்ள கட்டுப்படுத்தியைக் கண்டால் இன்ன டிரைவரைக் கூப்பிடு என்று எக்ஸ்பி விடியற்காலையில் புரட்டும் பட்டியல் அது. வன்பொருள்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் கட்டுப்படுத்தியின் எண்ணைப் பார்த்தேன்: தயாரிப்பாளர் 8086, அதாவது இன்டெல், சாதனம் 3ஏ00. அதை அப்படியே பட்டியலில் எழுதினேன். பயாஸில் ஏஎச்சிஐ. மறுதொடக்கம்.

7பி.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. அலமாரிச் சாவியைச் சட்டைப் பையில் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அன்று இரவு முழுக்க சேவையின் அமைப்பில்தான் தவறு தேடிக்கொண்டிருந்தேன். தவறு எண்ணில் இருந்தது. மறுநாள் லினக்ஸ் இயங்குதளம் உள்ள யூஎஸ்பி விரலியைச் செருகி, பயாஸை ஏஎச்சிஐயிலேயே விட்டு, உள்ளே இருக்கும் சில்லுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளை கொடுத்துப் பார்த்தேன். அதே சில்லு இப்போது தன்னை 3ஏ02 என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறது! முறை மாறினால் சாதன எண்ணும் மாறிவிடும். ஐடிஇ வேடத்தில் இருந்த பெயரை வைத்துக்கொண்டு நான் ஏஎச்சிஐ வேடத்தில் இருப்பவரைக் கூப்பிட்டிருக்கிறேன், அவர் எப்படித் திரும்பிப் பார்ப்பார்? இன்டெல் பொதியிலேயே ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் டிரைவர் ஏற்கும் எண்கள் எல்லாம் இருந்தன. 3ஏ02 அதில் ஐசிஎச்10டி என்ற இன்டெல் சில்லின் வரிசையில் இருந்தது, 3ஏ00 எங்குமே இல்லை. முதல் நாளே அந்தக் கோப்பைப் படித்திருந்தால் ஓர் இரவுத் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

மறுபடி ஐடிஇக்கு மாற்றி எழுப்பி, பட்டியலில் 3ஏ02 என்று திருத்தி, மறுபடி ஏஎச்சிஐ. சின்னம் வந்தது. அதன் கீழே அந்த நீலக் கோடு ஓட ஆரம்பித்தது, நிற்கவில்லை. திரை வந்ததும் புதிய வன்பொருள் கிடைத்திருக்கிறது என்று கேட்டது, பொதி இருந்த கோப்புறையைக் காட்டினேன், மறுதொடக்கம் கேட்டது, கொடுத்தேன். வேகம் கூடியதா என்றால் எனக்கொன்றும் தெரியவில்லை. எனக்கு அது நோக்கமுமில்லை. ஐடிஇக்கு மாற்றிப் பார்த்தேன், எழுந்தது. ஏஎச்சிஐ, எழுந்தது. நான்கு தடவை இப்படிப் போய்ப் போய் வந்தபின் மாமா, "போதும், அதற்கும் மூச்சு வாங்கும்" என்றார்.

மெய்யான சோதனைக்கு அன்று இரவு பேட்டரியையே கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். மாமா வழக்கம்போல் மெயினை இறக்கிவிட்டு ஷட்டரை இழுத்தார். காலை ஒன்பதரைக்குத் தொலைபேசியில் அழைத்தார். எஃப்1 கேட்டதாம், அமுக்கினாராம், எக்ஸ்பி வந்துவிட்டதாம், முதல் வாடிக்கையாளருக்குப் பில்லும் அடித்துக் கொடுத்தாயிற்றாம்.

"ஆனால் அந்த அம்மா பில்லைத் திருப்பிக் கொண்டு வந்து நிற்கிறார். தேதி 2009 ஜனவரி 1 என்று இருக்கிறதாம். நீ அந்தப் பேட்டரியை எடுத்துக்கொண்டு சீக்கிரம் வா."