நீலப் படலத்துக்குள் படுக்கும் படிகங்கள்
இன்று மாலை ஆய்வுக்கூடத்தின் வெற்றிட அறையைத் திறந்து கண்ணாடித் துண்டை வெளியே எடுத்தபோது, விளிம்பு வரை ஒரே சீராகப் படிந்திருந்த நீலப் படலத்தைக் கண்டு மனம் நிறைந்துபோனது. அச்சு மையிலும் சுவர் வண்ணத்திலும் நாம் அன்றாடம் காணும் தாமிர தாலோசயனின் என்ற சாயம்தான் அது.

தட்டையான இம்மூலக்கூறுகள், வெறும் கண்ணாடியின்மீது படியும்போது அடுக்குப் பலகையில் செருகி வைத்த தட்டுகளைப் போல ஏறக்குறைய நிமிர்ந்தே நிற்கின்றன. தாமிர அயோடைடை முதலில் மெல்லிதாகப் பூசிவிட்டாலோ, அவை படுத்துக்கொள்கின்றன. மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட திசையில்தான் மின்னோட்டம் எளிதாகப் பாயும் என்பதால், மின்னோட்டம் படலத்தின் நெடுகிலும் செல்லும் டிரான்சிஸ்டருக்கு நின்ற நிலையும், படலத்தின் ஊடே மேலும் கீழுமாகச் செல்லும் சூரிய மின்கலத்துக்குப் படுத்த நிலையும் ஏற்றவை.

அடித்தளத்தை மிதமாகச் சூடாக்கினால், வந்து விழும் மூலக்கூறுகள் நகர்ந்து தமக்குரிய இடத்தைத் தேடிக்கொள்ள முடிவதால், படிகத் துகள்கள் பெரிதாகின்றன. ஆனால் வெப்பம் 200 டிகிரி செல்சியஸை வெகுவாகத் தாண்டினால், ஆல்ஃபா எனப்படும் படிக வடிவம் பீட்டா என்ற இன்னொரு படிக வடிவமாக மாறத் தொடங்கி, படலம் சொரசொரப்பாகிவிடும். பல துண்டுகளை நான் அப்படித்தான் இழந்தேன்.

நாளை இத்துண்டை எக்ஸ் கதிரில் வைத்து, மூலக்கூறுகள் உண்மையிலேயே படுத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.