மூலிகைப் பொடி வேலை செய்ததா என்று தெரிந்துகொள்ள மாடுகளுக்கு இரண்டு சுற்று கோமாரி ஊசி ஆனது

கோமாரி ஊசிக்கு முன்னால் சீந்தில், அமுக்கரா கலந்த பொடி கொடுத்தால் ஊசி நன்றாகப் பிடிக்கும் என்று பலர் சொல்லக் கேட்டு, 12 மாடுகளில் 6-க்கு மட்டும் கொடுத்துப் பார்த்தேன். குடற்புழு நீக்கம், இரண்டு வாரம் பொடி, பிறகு ஊசி. அதுவரை ஒரு சிக்கலும் இல்லை.

ஊசி போட்ட 28-ஆம் நாள், உடம்பில் எவ்வளவு எதிர்ப்பு ஏறியிருக்கிறது என்று அளக்க ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். வாங்கும் இடத்தில் இருந்தவர் குழாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சிவந்திருக்கு, எடுக்க மாட்டோம்" என்று பெட்டியை என் பக்கமே தள்ளினார். ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அங்கிருந்த டாக்டர் ஒருவர்தான் சொன்னார்: ரத்தம் உறைந்தபின் மேலே நிற்கும் தெளிநீர் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். என்னுடையது இளஞ்சிவப்பு. எடுத்த கையோடு ஐஸில் புதைத்து, வண்டியில் குலுக்கிக்கொண்டு போனதில் சிவப்பணுக்கள் உடைந்துவிட்டன.

அடுத்து அவர் கேட்டதுதான் என்னை உட்கார வைத்தது. "ஊசிக்கு முன்னாடி எடுத்த ரத்தம் எங்கே?"

நான் எடுக்கவே இல்லை. தவறாமல் ஊசி போட்டு வரும் மாட்டின் உடம்பில் பழைய ஊசியால் உண்டான நோய் எதிர்ப்புப் பொருள்கள் ஏற்கெனவே இருக்கும். முன் அளவு கையில் இல்லாமல் பின் அளவை மட்டும் பார்த்தால், பொடி ஏற்றியதா, முன்பே இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. யாராவது இதை முன்பே சொல்லியிருந்தால்! அடுத்த ஊசி வரை ஆறு மாதம் காத்திருந்தேன்.

இரண்டாம் முறை ஊசி போடும் அன்று காலையிலேயே எல்லா மாட்டுக்கும் ரத்தம் எடுத்தோம். உறையாமை மருந்து இல்லாத குழாய், மெல்லிய ஊசி வேண்டாம், குழாய்க்குள் வேகமாகப் பீச்சக் கூடாது. நிழலில் அசையாமல் ஒரு மணி நேரம் உறையவிட்டு, தெளிநீரைப் பிரித்த பிறகே குளிர்ப்பெட்டி. ஒவ்வொரு குழாயிலும் காது வில்லை எண், தேதி. தடுப்பு மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருங்கள். அது உறைந்தால் எந்த மூலிகையும் காப்பாற்றாது. ஊசிக்கு முன் பொடி கொடுத்தபோது, இந்த முறை அதன் கசப்பில் இரண்டு மாடுகள் தீவனத்தையே ஒதுக்கின. வயிறு காயும் மாட்டுக்கு ஊசி எப்படிப் பிடிக்கும்? வெல்லம் கலந்து, அளவைக் குறைத்துத் தொடங்கிய பிறகே தின்றன.

இந்த முறை குழாய்களை வாங்கிக்கொண்டார்கள். 28-ஆம் நாள் முடிவில் கோமாரி வைரஸின் ஓ, ஏ, ஆசியா-1 என்ற மூன்று வகைக்கும் பெரிய மாடுகள் எல்லாமே நல்ல அளவில் இருந்தன. பொடி தின்றவை, தின்னாதவை என்று பிரிக்கும்படி வித்தியாசம் தெரியவில்லை. ஆறு மாட்டை வைத்து பொடியே வீண் என்று தள்ளவும் மாட்டேன்.

குறைவாக வந்தது ஒன்றே ஒன்று, பொடியை ஆசையாகத் தின்ற கிடேரிக் கன்று. முடி பளபளவென்று இருந்ததால் அதைப் பற்றிய கவலையே எனக்கு இல்லை. அதற்கு அதுதான் வாழ்க்கையில் முதல் ஊசி; முதல் ஊசி போட்ட கன்றுக்கு நான்கு வாரம் கழித்து இன்னொன்று போட வேண்டும். முடிவு கைக்கு வந்த அன்று மாலையே டாக்டரை அழைத்துப் போட்டுவிட்டோம். அடுத்த ரத்தத்துக்கான குழாயில் அதன் எண்ணை இப்போதே எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன்.